தேர்தல் நேரத்தில் சுவரைத் தொடுவதற்கு முன்

ஊராட்சித் தேர்தல் வரப்போகிறது என்று டீக்கடையில் பேச்சு கிளம்பினால் போதும், மறுநாள் காலையில் ஊரில் பாதிச் சுவர்கள் வெள்ளையாகி இருக்கும். நான்கு மூலையிலும் கோடு இழுத்து, நடுவில் கட்சிப் பெயரின் முதலெழுத்தோ ஆளின் பெயரோ எழுதி, பக்கத்தில் வருஷத்தையும் போட்டு 'ரிசர்வ்டு' என்று முடித்திருப்பார்கள். இதைத்தான் சுவர் பிடிப்பது என்கிறோம். சட்டத்தின் கண்ணில் இந்த ரிசர்வேஷனுக்குக் காலணா மதிப்பு கிடையாது. சுவர் யாருடையதோ அவர் கையெழுத்துப் போட்ட காகிதம் யாரிடம் இருக்கிறதோ, அவருக்குத்தான் அந்தச் சுவர்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2019 டிசம்பரில் என் சித்தப்பா மகன் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்றான். மெயின் ரோட்டை ஒட்டி ஒரு நீளமான மதில், பஸ்ஸில் போகிற எல்லார் கண்ணிலும் படும். வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டோம், "எழுதிக்கோப்பா, நம்ம புள்ளைதானே" என்றார். ராத்திரியோடு ராத்திரியாக எழுதி முடித்தோம். காலையில் அதிகாரிகள் வந்து நிற்கிறார்கள். வீடு பெரியவரின் மகள் பெயரில் இருக்கிறதாம், அந்த அம்மாவுக்கு எங்கள் தம்பியைப் பிடிக்காதாம், போனிலேயே புகார் சொல்லிவிட்டார். எழுதிய கையாலேயே வெள்ளையடித்தோம். எழுதிய செலவு, அழித்த செலவு, இரண்டும் கணக்கில் ஏறியது.

அதனால் முதலில் காகிதம், அப்புறம்தான் பெயின்ட். இனி விவரத்துக்கு வருகிறேன்.

எந்தத் தேர்தல் என்று முதலில் பாருங்கள்

சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் தேர்தல் நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சித் தேர்தல்களை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். இரண்டும் வேறு வேறு அமைப்புகள், நடத்தை விதிகளையும் தனித்தனியாகத்தான் வெளியிடுகின்றன. பெரும்பாலும் ஒரே சாயல்தான் என்றாலும், போன சட்டமன்றத் தேர்தலில் யாரோ சொன்னதை வைத்து வார்டு தேர்தலில் வேலை பார்க்காதீர்கள். வேட்புமனு வாங்கப் போகும்போதே தேர்தல் நடத்தும் அலுவலரிடம் நடத்தை விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். முழுக்கப் படிக்க முடியாவிட்டாலும் சுவரொட்டி, பதாகை, வாகனம், செலவுக் கணக்கு என்று வருகிற பக்கங்களை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

இந்த இரண்டு ஆணையங்களுக்கும் அடியில் மாநிலச் சட்டம் ஒன்று இருக்கிறது, தேர்தல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அமலில்தான் இருக்கும். தமிழ்நாடு திறந்தவெளி இடங்கள் அழகு சீர்குலைப்புத் தடுப்புச் சட்டம், 1959ல் வந்தது. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் உரிமையாளரின் அனுமதியில்லாமல் எழுதுவதும் ஒட்டுவதும் அதன்படி குற்றம். இதற்கு மேல் உள்ளாட்சி அமைப்புகளுக்கென்று விளம்பரப் பலகை விதிகள் தனியாக உண்டு. தேர்தல் வந்துவிட்டது என்பதற்காக இதில் எதுவும் தளர்ந்துவிடாது. அதிகாரிகள் சும்மா விட்டுக்கொண்டிருந்ததை எல்லாம் தேர்தல் அறிவித்ததும் பார்க்க ஆரம்பிப்பார்கள் என்பதுதான் வித்தியாசம்.

எந்தச் சுவர்

நகரம் என்றால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: சுவரில் கை வைக்காதீர்கள். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் தேர்தல் சுவர் விளம்பரத்துக்கு இடமே தருவதில்லை, தனியார் சுவராக இருந்தாலும் சரி. கிராமப்புறத்தில்தான் உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலோடு எழுத முடியும்.

கிராமத்திலும் எல்லாச் சுவரும் ஆகாது. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை, மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, பஸ் நிழற்குடை, பாலத்தின் கைப்பிடிச் சுவர், மின்கம்பம், மைல்கல், சுடுகாட்டு மதில் எல்லாம் அரசுச் சொத்து அல்லது பொதுச் சொத்து, யார் சொன்னாலும் தொடக்கூடாது. கோயில் சுவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வழிபாட்டு இடங்களைப் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்துவதே நடத்தை விதிகளில் தடை. புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுவது பார்க்கத் தனியார் கட்டடம் மாதிரித் தெரிகிற இடங்களில்தான். பால் கூட்டுறவுச் சங்கத்துக் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், செயலாளர் உங்கள் மாமனாகவே இருக்கலாம், ஆனால் சுவர் அவர் வீட்டுச் சுவர் இல்லை. வாடகை வீடும் இப்படித்தான். குடியிருப்பவர் சரி என்று தலையாட்டினால் போதாது, வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். அண்ணன் தம்பி இன்னும் பாகம் பிரிக்காத வீடு என்றால் இரண்டு பேரிடமும் வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் சண்டைக்கு உங்கள் சின்னம் சாட்சியாகிவிடும்.

ஒப்புதல் கடிதத்துக்கு வக்கீல் தேவையில்லை, ஒரு முழுத்தாள் போதும். வீட்டுக்காரரின் பெயர், விலாசம், கதவு எண், எந்தப் பக்கத்துச் சுவர், எத்தனை அடி நீளம் எத்தனை அடி உயரம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, பணம் வாங்கினாரா சும்மா கொடுத்தாரா, பிறகு வெள்ளையடித்துக் கொடுப்பது யார் பொறுப்பு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் தருகிறேன் என்று ஒரு வரி, தேதியோடு கையெழுத்து. அந்தக் கடைசி வரி சும்மா அலங்காரத்துக்கு இல்லை. இந்தியத் தேர்தல் ஆணையத்தின் அறிவுரையிலேயே ஒப்புதல் மனமுவந்து கொடுத்ததாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. கடிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரியக்கூடாது. இந்தியத் தேர்தல் ஆணையம் நடத்தும் தேர்தல்களில், அனுமதி வாங்கிய 3 நாளுக்குள் உரிமையாளர்களின் பெயர், விலாசத்தோடு பட்டியல் போட்டு, கடிதங்களின் நகலையும் சேர்த்துத் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தலில் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இதே மாதிரி கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எதிராளி புகார் செய்யும் அன்று அந்த முத்திரை பேசும்.

எழுதும்போது

ஊராட்சித் தேர்தலில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஊராட்சி வார்டு உறுப்பினரும் தலைவரும் கட்சி அடிப்படையில் நிற்பதில்லை, தேர்தல் அலுவலர் ஒதுக்குகிற சின்னத்தில்தான் நிற்க வேண்டும். ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் பதவிகளுக்குத்தான் கட்சிச் சின்னம். 2019ல் மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாள் டிசம்பர் 19, சின்னம் ஒதுக்குவது அதற்குப் பிறகுதான். முதல் கட்ட வாக்குப்பதிவு 27. பிரச்சாரம் 25ஆம் தேதி சாயங்காலம் 5 மணியோடு முடிந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், சின்னம் கைக்கு வந்து ஊரெல்லாம் எழுத 6 நாள்கூட முழுசாக இல்லை. ஆகவே சுவர் பார்ப்பது, கடிதம் வாங்குவது, வெள்ளையடித்துக் காயவைப்பது எல்லாம் சின்னம் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். எங்களுக்குப் பூட்டு சாவி வந்தது. அன்று மாலையே பெயின்டர் தகரத்தில் அச்சு வெட்டிவிட்டார், நூலில் நீலம் தொட்டுச் சுவரில் சுண்டிக் கோடு போட்டு, ஒரு சுவருக்கு முக்கால் மணி நேரம் என்று ஓட்டினார். சுவர் தயாராக இல்லாதவர்கள் மார்கழிப் பனியில் சுண்ணாம்பு காயக் காத்துக்கிடந்தார்கள்.

ஊரில் ஒரே ஆளுக்கு நான்கு ஓட்டு, நான்கு நிறச் சீட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். சுவரில் பெயரும் சின்னமும் எழுதும்போது கூடவே எந்த நிறச் சீட்டு என்பதையும் எழுதுங்கள். வயதானவர்களுக்குப் பதவியின் பெயரைவிட நிறம்தான் ஞாபகம் இருக்கும். இதை எந்த விதியும் சொல்லவில்லை, நாங்கள் தாமதமாகத்தான் கண்டுபிடித்தோம்.

எழுதும் வாசகத்தில் சாதி, மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பதோ, எதிராளியின் குடும்ப விஷயத்தை இழுப்பதோ இருக்கக்கூடாது. ஒரு வரிக் கிண்டல்தானே என்று தோன்றும், சுவரில் ஏறிவிட்டால் அது கிண்டலாகத் தெரியாது.

நோட்டீஸ், போஸ்டர்

இங்கே ஒரு வரிதான் முக்கியம், அதையும் பொடி எழுத்தில் அடியில்தான் போடுவார்கள். அச்சிட்டவர் யார், வெளியிட்டவர் யார், இருவரின் பெயரும் விலாசமும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, பிரிவு 127ஏ இதைக் கட்டாயமாக்குகிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதம் சின்னதாகத் தெரியலாம், சிறை அப்படி இல்லை. வெளியிடுகிறவர் தன்னைத் தெரிந்த 2 பேர் சாட்சிக் கையெழுத்தோடு உறுதிமொழிப் படிவம் இரண்டு பிரதி கொடுத்தால்தான் அச்சகம் வேலையை எடுக்க வேண்டும். அச்சடித்த பிறகு அந்தப் படிவத்தில் ஒன்றையும் நோட்டீஸ் பிரதியையும் மாவட்டத் தேர்தல் நிர்வாகத்துக்கு அனுப்புவது அச்சகத்தின் பொறுப்பு. 2024 ஏப்ரலில் இந்தியத் தேர்தல் ஆணையம் ஹோர்டிங்குகளிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் விவரம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது, ஆகவே 'பிளக்ஸ் தானே, பேப்பர் இல்லையே' என்கிற சாக்கு இனி எடுபடாது. வார்டு தேர்தலாக இருந்தாலும் இந்த வரி இல்லாமல் எதையும் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

அச்சகத்தில் "அவசரம் சார், எண்ணிக்கையெல்லாம் பிறகு பார்த்துக்கலாம்" என்பார்கள். வேண்டாம். எத்தனை பிரதி என்பதும் நோட்டீஸிலேயே இருக்கட்டும், பில்லிலும் அதே எண் இருக்கட்டும். 1,000 அடித்துவிட்டு 5,000 பில் வந்தாலும் தொல்லை, 5,000 அடித்துவிட்டு 1,000 பில் வந்தாலும் தொல்லை.

ஒட்டும் வேலை பெரும்பாலும் இளவட்டங்களிடம் போய்விடும். மைதா பசை காய்ச்சி ராத்திரி 11 மணிக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சுவர் எது, டிரான்ஸ்பார்மர் எது என்ற பேதம் தெரியாது. எங்கே ஒட்டலாம் என்று ஒரு தாளில் எழுதி, கூடவே பொறுப்பான ஓர் ஆளையும் அனுப்புங்கள். முக்கியமாக, எதிராளியின் போஸ்டர் மேல் ஒட்டுவதும் அதைக் கிழிப்பதும் நடத்தை விதி மீறல். சண்டையில் முடிகிற தேர்தல் வழக்குகளில் நிறைய, இந்த மாதிரி ராத்திரி 11 மணிக்குத்தான் ஆரம்பிக்கின்றன.

பேனர், கொடி

பேனரைப் பற்றி எனக்குச் சாய்வான அபிப்பிராயம் உண்டு, மறைக்கவில்லை: வேண்டவே வேண்டாம். 2017ல் கோவையில் சாலையில் போட்டிருந்த அலங்கார வளைவு ஒரு இளைஞரின் உயிரைக் குடித்தது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் மேல் விழுந்தது, அவர் தடுமாறி விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறிவிட்டது. அந்தப் பேனர் ஒரு கல்யாணத்துக்காகக் கட்டியது. சென்னைச் சமூக ஆர்வலர் டிராஃபிக் ராமசாமி பல வருஷம் இதற்காகவே நீதிமன்றப் படியேறினார், கிண்டல் பண்ணினவர்கள்தான் அதிகம்.

வைத்தே தீருவேன் என்றால் இடத்துக்காரர் ஒப்புதல், காவல்துறையின் ஆட்சேபமின்மை, உள்ளாட்சி அமைப்பின் அனுமதி, எல்லாம் கையில் வந்த பிறகு வையுங்கள். அனுமதி எண்ணையும் எந்தத் தேதி வரை என்பதையும் பேனரின் அடியிலேயே அச்சிட்டுவிடுங்கள். நடைபாதையிலும் சாலை நடுத்திட்டிலும் வளைவிலும் வைக்கக்கூடாது. சவுக்குக் கம்பு நடத் தார் ரோட்டைத் தோண்டினால் அது தனிக் குற்றம். காற்று போக ஓட்டை போடாத பெரிய பிளக்ஸ், பாய்மரம் மாதிரி. கம்போடு சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும்.

கொடிக்கு இந்தியத் தேர்தல் ஆணையம் அளவே வைத்திருக்கிறது. இருசக்கர வாகனத்தில் 1 அடிக்கு அரை அடி, ஒரே கொடி. ஆட்டோ, காரில் 3 அடிக்கு 2 அடி, அதுவும் ஒன்றுதான். கொடிக்கம்பு 3 அடிக்கு மேல் போகக்கூடாது. வாகனங்களில் பேனர் கிடையாது. சொந்த வீட்டில் உங்கள் இஷ்டத்துக்குக் கொடி கட்டலாம், ஆனால் ஒரு கட்சிக்கு அல்லது வேட்பாளருக்கு 3 கொடிக்கு மேல் வேண்டாம். தற்காலிகத் தேர்தல் அலுவலகம் போட்டால் ஒரு கொடி, 4 அடிக்கு 8 அடிக்கு மிகாத ஒரு பேனர், உள்ளூர் விதி அதைவிடக் குறைவாகச் சொன்னால் அந்த அளவு. வாக்குச்சாவடியிலிருந்து 200 மீட்டருக்குள் அந்த அலுவலகமே இருக்கக்கூடாது. ஓட்டுப்போடும் நாளன்று சாவடிக்கு 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்பதும் பிரச்சார அடையாளம் காட்டுவதும் குற்றம். ஏற்கெனவே எழுதிய சுவர் அந்த வட்டத்துக்குள் வருகிறதா என்று முந்தைய நாளே ஒரு நூலைப் பிடித்து அளந்து பாருங்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டுச் சுவர் அப்படி வந்தது, சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு மறைத்தோம். முதலிலேயே அந்தச் சுவரை விட்டிருக்கலாம்.

கணக்கு

ஒவ்வொரு சுவருக்கும் ஒரு வரி எழுதுங்கள். 2019லும் 2021லும் ஊராட்சி வார்டு உறுப்பினர் செய்யலாம் என்ற அதிகபட்சச் செலவு 9,000 ரூபாய், தலைவருக்கு 34,000, ஒன்றியக் கவுன்சிலருக்கு 85,000, மாவட்டக் கவுன்சிலருக்கு 1,70,000. வார்டுக்கு நிற்கிறவர் 9,000 ரூபாயில் எத்தனை சுவர் எழுதுவார் என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும், ஆனாலும் வரம்பு வரம்புதான். நண்பர் சும்மா எழுதிக் கொடுத்தாலும், மாமா பெயின்ட் வாங்கிக் கொடுத்தாலும், அதற்குச் சந்தை மதிப்புப் போட்டுக் கணக்கில் காட்டுங்கள். அனுமதியில்லாத விளம்பரத்தை நிர்வாகமே அழித்தால் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். தோற்றவர்கள் 'இனி என்ன' என்று விட்டுவிடுவார்கள், அப்புறம் அடுத்த தேர்தலில் நிற்கத் தகுதி போய்விட்டது என்று நோட்டீஸ் வரும்.

உங்கள் சுவரில் கேட்காமல் எழுதிவிட்டால்

நீங்கள் வேட்பாளர் இல்லை, வெறும் வீட்டுக்காரர் என்றால் இது உங்களுக்கு. உடனே வெள்ளையடிக்காதீர்கள். முதலில் போட்டோ எடுங்கள், சுவரோடு கதவு எண்ணும் தெரிகிற மாதிரி. எழுதியவர்களைக் கூப்பிட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள், ஊரில் முக்கால்வாசி இதிலேயே முடிந்துவிடும். கேட்கவில்லை என்றால், சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் இந்தியத் தேர்தல் ஆணையத்துக்குப் புகார் அனுப்ப சி-விஜில் செயலி இருக்கிறது. கேலரியில் இருக்கும் பழைய படத்தை அதில் ஏற்ற முடியாது, சுவர் முன்னால் நின்று செயலியிலேயே எடுக்க வேண்டும், இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். பெயர் சொல்லாமலும் அனுப்பலாம், 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஏற்பாடு. 1950 என்ற எண்ணுக்குப் போன் பண்ணியும் சொல்லலாம். உள்ளாட்சித் தேர்தல் என்றால் ஊராட்சிக்கு வட்டார வளர்ச்சி அலுவலரிடம், பேரூராட்சிக்குச் செயல் அலுவலரிடம், நகராட்சி, மாநகராட்சிக்கு ஆணையரிடம் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவித்த பிறகு, ஏற்கெனவே இருக்கிற விளம்பரங்களை அகற்றவும் கெடு உண்டு: அரசு வளாகங்களில் 24 மணி நேரம், பஸ் நிலையம், பாலம், மின்கம்பம் மாதிரிப் பொது இடங்களில் 48 மணி நேரம், தனியார் இடங்களில் விதிமீறலாக இருப்பவற்றுக்கு 72 மணி நேரம். அந்த மூன்று நாளில் உங்கள் ஊர்ச் சுவர்கள் வரிசையாக வெள்ளையாவதைப் பார்த்திருப்பீர்கள். முன்கூட்டி ரிசர்வ் பண்ணி வைத்தவர்களின் பெயின்ட் காசு போவதும் அப்போதுதான்.

தேர்தல் முடிந்த பிறகு

கடிதத்தில் வெள்ளையடித்துத் தருவேன் என்று எழுதியிருந்தால் அடித்துக் கொடுங்கள், ஜெயித்தாலும் தோற்றாலும். அதற்காகவே முதலில் எழுதும்போது சுண்ணாம்பில் கலக்கிற வண்ணப் பொடியை மட்டும் பயன்படுத்துங்கள், எனாமல் வேண்டாம். தம்பி தோற்றுவிட்டான், ஆனாலும் மறு வாரமே வாளியோடு கிளம்பி எல்லாச் சுவரையும் அடித்துக் கொடுத்தோம். ஒரே ஒரு வீட்டில் மட்டும் பெயின்டர் பளிச்சென்று இருக்கட்டும் என்று எனாமலில் எழுதியிருந்தார். மூன்று கை சுண்ணாம்பு அடித்தோம், காய்ந்தால் வெள்ளையாகத்தான் இருக்கிறது. மழை பெய்து சுவர் நனைந்தால் பூட்டும் சாவியும் மெல்ல எழுந்து வருகின்றன. அந்த வீட்டு அக்கா ஒவ்வொரு ஐப்பசியிலும் எனக்குப் போன் பண்ணி, நாலாவது கை எப்போது என்று கேட்கிறார்.